எந்த ஊர் கணக்கு?

மெல்பர்னில் என் பக்கத்து வீட்டுக்காரர் காலையில் நாயைப் பிடித்துக்கொண்டு போகும்போது "ஹவ் ஆர் யூ கோயிங்?" என்று கேட்பார். வந்த புதிதில் நான் அதை விசாரிப்பு என்று நம்பினேன். சர்க்கரை அளவு, இரத்த அழுத்தத்தின் மேல் எண், கீழ் எண், இடது முழங்கால், வலது முழங்கால் என்று வரிசையாகப் பதில் சொன்னேன். நாய் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவர்தான் நாயை இழுக்கச் சொன்னாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். பிறகு மகள் உமா விளக்கினாள்: அது கேள்வி இல்லை, வணக்கம். பதிலுக்குக் காத்திருக்காத கேள்விகளுக்கு நடுவே பல வருடம் வாழ்ந்தவன், நின்று கேட்கும் ஓர் ஆளைக் கண்டால் என்ன ஆவான் என்பதற்கு நானே சாட்சி. குற்றவாளியும் நானே.

போன முறை சொந்த ஊரான செஞ்சிக்குப் போயிருந்தபோது, சிங்கவரத்தில் என் பள்ளித் தோழன் ஏழுமலையின் பேத்திக்குக் காது குத்தினார்கள். தம்பியின் ஸ்கூட்டரில் போனேன். சாப்பாட்டுக்கு முன் மோட்டார் கொட்டகையில் ஏழுமலையின் மருமகன் பீர் ஊற்றினார். இரண்டு கிளாஸ் குடித்தேன். மூன்றாவதைக் கையால் மூடினேன்.

"இன்னாடா, ஃபாரின் போயி வயிறு சுருங்கிடுச்சா?" என்றான் ஏழுமலை.

"வண்டி ஓட்டணும்டா. அதுக்கு ஒரு கணக்கு இருக்குது."

"உன் கணக்கைக் கேட்டாலே எனக்கு டென்ஷன் ஆவுது."

மெல்பர்னில் எல்லை ஐம்பது. நூறு மில்லி இரத்தத்தில் ஐம்பது மில்லிகிராமைத் தொட்டால் குற்றம். கிளாஸுக்கு எவ்வளவு ஏறும், மணிக்கு எவ்வளவு இறங்கும் என்று மனத்துக்குள் கூட்டிக் கழித்தேன். இலையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். கணக்கு சரியாக வந்ததும் கிளம்பினேன்.

ஊருக்குள் திரும்பும் இடத்தில் போலீஸ் நின்றிருந்தது. பட்டப்பகல். ஒரு காவலர் சிரித்த முகமாக வந்து வண்டியின் கைப்பிடியில் கை வைத்தார்.

"இன்னா சார், சாப்ட்டீங்களா?"

நடு ரோட்டில், வெயிலில், முன்பின் தெரியாத ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறார்! இதுவல்லவோ ஊர் என்று நினைத்தேன்.

"சாப்ட்டேம்பா. வயிறு நிறைய சாப்ட்டேன்."

"எங்க சார்?"

"சிங்கவரத்துல. ஃப்ரெண்டு வூட்டு விசேஷம். கோழிக் கொழம்பு, வடை, பாயசம். நீ சாப்டியாப்பா?"

அவர் பின்னால் திரும்பினார். "ஏட்டையா, இங்க வாங்க. பெரியவரு தானா ஒத்துக்கிறாரு. என்னையும் சாப்டியான்னு கேக்குறாரு!"

அந்தச் சொல்லுக்குக் குடிப்பது என்று இன்னொரு பொருளும் உண்டு என்பது நான் அறியாததல்ல. ஏக்கம் அதை மறைத்துவிட்டது. கருவியில் ஊதச் சொன்னார்கள். நம்பிக்கையோடு ஊதினேன். முப்பத்தெட்டு.

"பாத்தியா, ஐம்பதுக்குள்ளதான்" என்றேன், பாஸ் ஆன மாணவனைப் போல.

ஏட்டையா கருவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அது எந்த ஊர் கணக்கு சார்? இங்க முப்பதுதான்."

ஸ்கூட்டர் ஸ்டேஷனுக்குப் போனது. வழக்குப் பதிவானது. விமானப் பயணத்தைத் தள்ளிவைத்தேன். என் கவலை நீதிமன்றமல்ல. மெல்பர்னில் பேத்தி இனியாவைக் காலையில் காரில் பள்ளிக்கு அழைத்துப் போவது நான்தான். அந்த நாட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே வேலை அது. உமாவோ மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ். குடித்தவர்கள் ஓட்டிய வண்டிகளில் அடிபட்டு வருபவர்களைத் தினமும் பார்ப்பவள்.

"அங்க யாருக்குண்ணா தெரியப் போவுது? வாயத் தொறக்காத" என்றான் தம்பி.

நீதிமன்றத்தில் என் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டைப் புரட்டிய எழுத்தர், "தமிழ் புரியுங்களா? மொழிபெயர்க்க ஆள் வேணுமா?" என்று பணிவாகக் கேட்டார். சன்னலுக்கு வெளியே ராஜகிரி தெரிந்தது. அந்த மலையில் எத்தனை முறை ஏறியிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வக்கீல் என் காலை மிதித்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அபராதத்தோடு, ஆறு மாதம் இந்தியாவில் வண்டி ஓட்டத் தடையும் விதித்தார்கள். சொந்த ஊரில் வண்டியைத் தொடக்கூடாது, அயல்நாட்டில் ஓட்டலாம். இந்த விசித்திரத்தை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

உமாவிடம் எப்படிச் சொல்வது, சொல்லாமல் விடுவதா என்று விமானம் முழுவதும் ஒத்திகை பார்த்தேன். வீண். தம்பி மனைவி குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "பெரிய மாமா கோர்ட்டுக்குப் போயிருக்காரு, எல்லாரும் சாமிகிட்ட வேண்டிக்குங்க" என்று அன்றே போட்டிருந்தாள். எதற்கு என்று உமா கேட்டதற்குக் குரல் பதிவில் விளக்கமும் கொடுத்திருந்தாள். அவளுடைய குரல் பதிவுகள் எதையும் விட்டுவைப்பதில்லை.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியில், "முப்பத்தெட்டுதாம்மா. இங்கயா இருந்தா கேசே கெடையாது" என்றேன்.

உமா சாலையைப் பார்த்தபடியே கேட்டாள். "அங்க முப்பதுதானே நைனா?"

"ஆமா."

"அப்ப எந்த ஊர்ல இருக்கோம்னு தெரியாமதான் வண்டி ஓட்டினீங்களா?"

வீடு வந்ததும் என் கார்ச் சாவி அவள் கைப்பைக்குள் போனது. எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "கணக்கு வச்சிக்காதீங்க" என்றாள்.

இப்போது இனியாவை டிராமில் அழைத்துப் போகிறேன். நேற்று டிராம் நிறுத்தத்துக்குப் போக வேண்டிய சிக்னலில் சிவப்பு விளக்கு. தூரத்தில் ஒரே ஒரு கார். அதன் வேகம், என் நடை, சாலையின் அகலம் எல்லாவற்றையும் பார்த்தால் தாராளமாகக் கடந்துவிடலாம். அப்படித்தான் தோன்றியது. ஒரு காலை இறக்கிவிட்டேன். இனியா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, ரெட்."

"கார் தூரத்துலதான்மா இருக்குது."

"ரெட்னா ரெட்."

அவள் பிடியை விடவில்லை. கார் வந்தது, கடந்தது, போயும்விட்டது. விளக்கு மாறும்வரை, ஒரு கால் ரோட்டிலும் ஒரு கால் நடைபாதையிலுமாக, சட்டையைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.