காலிங் பெல் வைத்த வண்டி

'ஒரிஜினல்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. முப்பது வருஷம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன், ஒரு நாள்கூட எனக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து என் மகன் மாசம் ஒருமுறை பாலக்காட்டிலிருந்து வருவான். சின்னக்கானலில் எங்கள் வீட்டுப் பின்புறத்து ஷெட்டுக்குள் போய் நின்றுகொண்டு அந்த ஒரு சொல்லையே ஜெபமாலை உருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டிருப்பான்.

விஷயம் ஒரு மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தில் செய்தது. ஒரு காலத்தில் எஸ்டேட் தொரை ஓட்டினாராம். அவர் ஊரைவிட்டுப் போனபிறகு இரண்டு கை மாறி, தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்த என் வீட்டுக்காரரிடம் வந்து சேர்ந்தது. கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த அன்றைக்கு அதன் பின்னால் உட்கார்ந்துதான் லயத்து வீட்டுக்குப் போனேன். சேலை கட்டிக்கொண்டு, ஒருபக்கமாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

இங்கே மூடுபனி இறங்கினால் முன் சக்கரம் தெரியாது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தாக வேண்டும். ஆனால் இறக்கத்தில் கிளட்சும் பிரேக்குமாக ஓட்டுகிறவருக்கு இரண்டு கையும் போதாது. விரல்களோ குளிரில் விறைத்துப் போயிருக்கும். கல்யாணமான முதல் மாசமே ஒரு வளைவில் கொழுந்து லாரிக்கு முன்னால் போய் நின்றோம். ஒரு முழம் தள்ளி நின்றிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மறுநாள் அவர் பங்களாவில் கழற்றிப் போட்டிருந்த காலிங் பெல் சுவிட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். வெள்ளை நிறம், நடுவில் உருண்டையான கறுப்புப் பட்டன். எங்கள் எஸ்டேட்டில் எது உடைந்தாலும் அதற்கு வைத்தியம் தேயிலைப் பெட்டி ஓரத்தில் அடிக்கிற தகரப் பட்டைதான். கதவுக்குக் கீலும் அதுதான், ஸ்டவ்வுக்குக் காலும் அதுதான். அந்தத் தகரத்தை வளைத்து, பின் மட்கார்டில் இரண்டு துளை போட்டு, நான் உட்கார்ந்தால் இடது கைக்கு எட்டுகிற இடத்தில் சுவிட்சைப் பொருத்தி, சீட்டுக்கு அடியில் ஒயரை இழுத்தார்.

"இனிமே ஓட்டுறது நானு. ஹாரன் நீ" என்றார்.

அவ்வளவுதான். அன்றையிலிருந்து என் வீட்டுக்காரர் ஹாரனைத் தொட்டதே இல்லை. வளைவு வருவதற்கு முன்னால் அவர் முதுகு லேசாக நிமிரும், நான் அமுக்குவேன். மாசமாக இருந்தபோதும் அமுக்கினேன், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டும் அமுக்கினேன். அந்தப் பிள்ளைதான் இப்போது ஒரிஜினல் ஒரிஜினல் என்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு முட்டி தேய்ந்துபோயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் வண்டியிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி, ஊர் முழுக்கப் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆத்திரத்தில், "இனிமே இந்தச் சனியன்மேல செத்தாலும் ஏற மாட்டேன்" என்று சத்தம் போட்டேன். அடுத்த வாரத்திலிருந்து ஜீப்பில் போனேன். அவரும் ஜீப்பிலேயே வந்தார். வண்டி ஷெட்டுக்குள் போயிற்று. மனுஷனுக்கு வயசாகிவிட்டது, ஆசை விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் மகன் பாலக்காட்டில் பழைய வண்டிக்காரர்கள் கூட்டம் ஒன்றில் போய்ச் சேர்ந்தான். பேங்கில் வேலை பார்க்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லை போலிருக்கிறது. பாலக்காட்டில் கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிற வண்டிக்குத்தான் பரிசாம். "அப்பா சரின்னுட்டாங்கம்மா" என்றான். அவர் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை?

ஒருமுறை அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்தார்கள். ஹேண்டில்பாரில் இவர் டேப் சுற்றிக் கட்டியிருந்த ஸ்கூட்டர் சுவிட்சைப் பார்த்து ஒருவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ, இது கொலைக்குற்றம் ஆன்ட்டி!" என்றான். அந்தக் கொலைக்குற்றம்தான் இருபது வருஷம் இந்த ரோட்டில் விளக்கை ஏற்றியும் இறக்கியும் எங்களை வீடு கொண்டுவந்து சேர்த்தது. இவனைக் கேட்டுக்கொண்டா ஒட்டினோம்? இன்னொருவன் என் அடுப்படியைப் போட்டோ எடுத்துக்கொண்டு "அடிபொளி" என்று மெச்சினான். புகை படிந்த சுவரில் அப்படி என்ன கண்டானோ.

ஸ்கூட்டர் சுவிட்சைப் பிய்த்தார்கள். கடல் தாண்டி ஒரு பார்சல் வந்தது. அதற்குள் நிக்கல் பூச்சோடு, விளக்கை ஏற்றி இறக்கும் சுவிட்சும் ஹாரன் பட்டனும் சேர்ந்த ஒரு சின்ன உருப்படி. அதை ஹேண்டில்பாரில் கவ்விப் பிடிக்க இரண்டு பாதியாக ஒரு பிடிப்பு. மகன் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனான். பொருத்தினால், கவ்வவில்லை! வண்டியில் இருந்தது எஸ்டேட் பட்டறையில் வளைத்த குழாய். வந்த பிடிப்பு அதைவிட ஒரு நூல் சின்னது. அந்த ஒரு நூலுக்காக அப்பனும் மகனும் ஒரு பகல் முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் சுவிட்சுக்காக ஒரு புது ஹேண்டில்பார் வந்தது. ஹேண்டில்பாருக்காக கேபிள் எல்லாம் மாறியது. நல்ல கூத்து.

அதோடு விட்டார்களா? ஹெட்லைட் கூட்டில் இவர் வைத்திருந்த வீட்டுச் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையைப் பித்தளை வைத்து அடைத்து, தேய்த்து, பழையபடி திருகுகிற சுவிட்சை நடுவில் உட்கார வைத்தார்கள். அதைப் பிடிக்கிற திருகாணிக்கு இங்கிலாந்து மரையாம், நம் கடைத் திருகாணி ஏறாதாம். ஒரு திருகாணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படித்த இரண்டு ஆம்பிளைகள் இரண்டு மணி நேரம் பேசியதை நான் வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தேன். ஒயர்கூட அந்தக் காலத்து மாதிரி துணி சுற்றிய ஒயர். எங்கள் வீட்டு எலிகளுக்குக் கொண்டாட்டம்.

"டீ வேணுமா வேண்டாமா?" என்று வாசலில் நின்று கேட்பேன். ஒருத்தர் காதிலும் விழாது. டம்ளரை மண்ணெண்ணெய் டப்பா மேல் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஷெட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அவ்வளவு வெறுப்பு எனக்கு.

வேலை முடிந்தது. பளபளவென்று கறுப்புப் பெயின்ட்டோடு வண்டியை முற்றத்தில் நிறுத்தினார்கள். அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதை மகனிடம் சொல்லுவேனா?

"அம்மா, அப்பா பின்னால ஒரே ஒரு தடவ உட்காருங்கம்மா. நான் கார்ல பின்னாடியே வந்து வீடியோ எடுக்கேன். கண்காட்சில போட்டா எல்லாரும் அசந்துருவாங்க."

"போ லே! ஒனக்கு வேடிக்கை காட்ட என் முட்டிதான் கெடச்சுதா?" என்றேன். வீட்டுக்காரர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என்னவோ ஆகிவிட்டது எனக்கு. ஒரு முக்காலியைக் கொண்டுவரச் சொல்லி, அதன்மேல் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கழுத்துப் பின்புறம் சிவந்துபோயிற்று.

தேவிகுளம் ரோட்டில் போனோம். காலை வேளை, பாதி வழியில் பனி இறங்கிவிட்டது. தேயிலைக்கு நடுவே ஒரு வளைவு, நாங்கள் ஆயிரம் தடவை போன வளைவுதான். அவர் முதுகு நிமிர்ந்தது. என் இடது கை தானாகப் பின்னால் போயிற்று.

பட்டன் இல்லை.

தடவினேன். வழவழவென்று மட்கார்டு, வேறொன்றும் இல்லை. துளைகூட இல்லை. "ஏங்க, ஹாரன்!" என்று கத்தினேன். கடல் தாண்டி வந்த அந்த நிக்கல் பட்டன் அவர் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நாற்பது வருஷமாக ஹாரன் அடிக்காத மனுஷனுக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வருமா? எதிரே டூரிஸ்ட் ஜீப் ஒன்று வந்துவிட்டது. இவர் வண்டியை மேட்டுப் பக்கம் ஒடித்தார். நான் வாய்க்காலுக்குள் இருந்தேன், சேறும் சேலையுமாக. வண்டி ஒரு தேயிலைச் செடிமேல் சாய்ந்து கிடந்தது.

"சேட்டா, ஒரு ஹோர்ன் அடிச்சூடே?" என்று திட்டிவிட்டு ஜீப்காரன் போனான். ஒரு ஹாரன் அடித்திருக்கக் கூடாதா? நியாயமான கேள்வி.

மகன் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். எனக்கு எலும்பு ஒன்றும் முறியவில்லை, வாயும் முறியவில்லை. வாய்க்காலில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தேன். "எவம்ல என் பட்டனப் பிடுங்குனது? ஒன் ஒரிஜினல்ல தீய வைக்க! நீ வயித்துல இருக்கும்போது அமுக்குன பட்டன்ல அது! ஒன் கூட்டாளிப் பயலுவளக் கூப்பிடு, அவனுவ வந்து இந்த வளைவுல நின்னு ஹாரன் அடிக்கட்டும்!"

அவன் அப்பாவைப் பார்த்தான்.

"அவன் இல்ல. நான்தான் கழட்டுனேன்" என்றார் அவர்.

"நீங்களா? எதுக்கு?"

"நீதான் இனிமே ஏற மாட்டேன்னுட்டியே. யாரு அமுக்க?" குனிந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார். "ஷெட்டுக்குள்ள போம்போதெல்லாம் அது சும்மா கெடந்துச்சு. பாக்கப் பிடிக்கல."

இத்தனை மாசம் அந்தப் பயலையும் அவன் கூட்டாளிகளையும் திட்டித் தீர்த்தேனே, பட்டனைப் பிடுங்கியது என் வாய்தான். ஆசை விட்டுப்போயிற்று என்று நினைத்த மனுஷன் இரண்டு வருஷம் எனக்குப் பக்கத்தில் ஜீப்பில் வாய் திறக்காமல் வந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதைச் சேற்றோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

"வீட்டுக்குப் போனதும் தொளையப் போடுங்க" என்றேன்.

"புதுப் பெயின்ட்டும்மா! அடுத்த வாரம் கண்காட்சி!" என்று மகன் பதறினான். "மார்க் போயிரும்மா."

"போவட்டும்."

பழைய ஆணி டப்பாவுக்குள் ஒரு துணியில் சுற்றி அந்தத் தகரப் பட்டையும் காலிங் பெல் சுவிட்சும் இருந்தன. அன்று மத்தியானமே துளை போட்டார். கறுப்புப் பெயின்ட் சுருள் சுருளாக உதிர்ந்தபோது மகன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் முதல்முறையாக ஷெட்டுக்குள் போய் டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தேன்.

கண்காட்சியில் பரிசு கிடைக்கவில்லை. ஜட்ஜ் எழுதிக் கொடுத்த தாளை மகன் போனில் வாசித்தான். 'பின்பகுதியில் தேவையற்ற சுவிட்ச்' என்று மார்க்கைக் குறைத்திருந்தாராம். தேவையற்றதாம்! முப்பது வருஷம் மார்க் போட்டுச் சாப்பிட்டவள் நான். பிள்ளைகள் ஒன்றை ஏன் எழுதினார்கள் என்று கேட்காமல் ஒருநாளும் குறைத்ததில்லை. அந்த ஜட்ஜை ஒரு பனிக்காலத்துக் காலையில் எங்கள் வண்டியில் பின்னால் உட்கார வைத்து மலை இறக்க வேண்டும். எங்கே கை போகிறது என்று பார்க்கலாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வண்டியில்தான் சர்ச்சுக்குப் போகிறோம். முக்காலி போட்டு ஏறும்போது முட்டிக்குள் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. அவர் திரும்பிப் பார்த்து, "வலிக்குதாட்டி?" என்று கேட்பார்.

"ஒண்ணும் இல்ல, வண்டிய எடுங்க" என்று சொல்லிவிட்டு, கையைப் பின்னால் நீட்டிப் பட்டன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.