அப்போ என்னத்தைப் பாத்தீங்க?

என் அக்காவிடம் எதுவும் தொலையாது. பள்ளிக்கூடத்தில் வாங்கிய ஜாமெட்ரி பாக்ஸ் இன்னும் அவளிடம் இருக்கிறது. உள்ளே அந்தக் காலத்து ரப்பர்கூட முழுசாகத் தேயாமல் கிடக்கிறது. அப்படிப்பட்டவளுக்குப் பேருந்து நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைத்திருக்கும் அறையில் வேலை கிடைத்தது. ஊரே தொலைத்துவிட்டு வந்து அவள் முன்னால் நிற்கும். அவள் ஒரு பார்வை பார்ப்பாள். அதற்குப் பயந்தே சிலர் பொருள் போனால் போகட்டும் என்று திரும்பிவிடுவார்கள்.

நான் அதே நிலையத்தில் கண்டக்டர். சீட்டுக்கடியில் கிடப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போய் அவள் மேஜையில் போடுவது என் வேலை. குடை, மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு. "ஒத்தச் செருப்போட எப்படிடா வீட்டுக்குப் போனாங்க?" என்று என்னிடம் சண்டைக்கு வருவாள், ஏதோ நான்தான் கழற்றி எடுத்துக்கொண்டது போல.

இவளுக்குத்தான் தும்பி வந்து மகளாகப் பிறந்தாள். தும்பி நான் வைத்த பட்டப்பெயர். ஓரிடத்தில் உட்கார்ந்தால்தானே. தண்ணீர் பாட்டில், பென்சில், ஸ்வெட்டர் என்று தினமும் ஏதாவது ஒன்று காணாமல் போகும். "பை எங்கடி?" என்று கேட்டால் தன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு நம்மைவிட அதிகமாக ஆச்சரியப்படுவாள். அத்தானுக்குக் கப்பலில் வேலை. ஃபோனில் "விடும்மா, சின்னப் பிள்ளைதானே" என்று சொல்லி நல்ல பேர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். தலையைப் பிய்த்துக்கொள்வது அக்காதான்.

டாக்டர் நன்றாகப் பரிசோதித்துவிட்டு ஏ.டி.எச்.டி என்றார். "இது திமிரும் இல்ல, உங்க வளர்ப்புல தப்பும் இல்ல. அவ மூளை வேலை செய்யற விதம் அப்படி" என்று சொல்லி, உட்காருவது, காத்திருப்பது, ஒன்றிலேயே கவனம் வைப்பது எல்லாம் அவளுக்கு ஏன் கஷ்டம் என்று பொறுமையாக விளக்கினார்.

அக்கா கேட்டு முடித்தாள். "குறையெல்லாம் சொல்லிட்டீங்க டாக்டர். நிறை என்ன?"

டாக்டர் சிரித்துவிட்டார். "கண்டிப்பா இருக்கும்மா. நான் கொஞ்ச நேரம்தான் பாத்திருக்கேன். கூட இருக்கறது நீங்க. தேடுங்க."

அக்காவிடம் போய்த் தேடு என்று சொல்லலாமா? அன்றே ஆரம்பித்துவிட்டாள். ஓவிய வகுப்பில் சேர்த்தாள். தும்பி பக்கத்துப் பிள்ளைகளின் படங்களில் ஆளுக்கொரு கோடு போட்டுவிட்டுத் தன் தாளை வெறுமையாகக் கொடுத்தாள். செஸ் வகுப்புக்கு அனுப்பினாள். அங்கே ராணியையே தொலைத்துவிட்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

காரணம், பள்ளியிலிருந்து ஃபோன் வந்திருந்தது. ஐந்தாம் வகுப்பில் இவளை வைத்துச் சமாளிக்க முடியவில்லை, நான்காம் வகுப்புக்கே திருப்பி அனுப்பலாமா என்று யோசிக்கிறார்கள், அம்மா வந்து பேச வேண்டும் என்றார்கள். தும்பி அதை ஒட்டுக்கேட்டுவிட்டாள். "எனக்கு மூளை கம்மியாம்மா?" என்று கேட்டாளாம். அதை என்னிடம் சொல்லும்போது, யாரையும் முறைத்தே விரட்டும் என் அக்காவின் குரல் உடைந்துபோனது. எனக்கும் மனசு கேட்கவில்லை.

அந்த வாரத்தில்தான் பல் செட்டுக்காரர் வந்தார். நான் மேஜையோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். பள்ளி முடிந்து வந்த தும்பி சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள். மனிதர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். அவருடைய அம்மாவுக்குச் செய்த புதுப் பல் செட்டு, சின்னப் பெட்டியில் வாங்கி வந்தாராம். பெட்டியைக் காணோம்.

"கடைசியா எங்க வச்சீங்க?" என்றாள் அக்கா.

"அது தெரிஞ்சா நான் ஏம்மா இங்க வரேன்?"

நாற்காலி நின்றது. "அங்கிள், பஸ்ஸை விட்டு இறங்கினதும் என்னத்தைப் பாத்தீங்க?"

"எதையும் பாக்கலியே பாப்பா. நேரா வெளிய போனேன்."

"ஏதாவது பாத்திருப்பீங்க. நல்லா யோசிங்க."

அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "பழக்கடையில ஆரஞ்சு சரிஞ்சு உருண்டுச்சு. பாவமேன்னு ரெண்டு பொறுக்கிக் குடுத்தேன்…" சொல்லி முடிக்கும் முன்பே ஓட்டம் எடுத்தார். ஆரஞ்சுக் கூடைகளுக்கு நடுவில் பெட்டி பத்திரமாக இருந்தது. திரும்பி வந்து பெட்டியைத் திறந்து பற்களைக் காட்டி, தும்பிக்கு ஒரு ஆரஞ்சும் கொடுத்துவிட்டுப் போனார்.

"அப்படிக் கேக்க எப்படிடி தோணுச்சு?" என்றாள் அக்கா.

"எனக்கு அப்படித்தான் தொலையும். புதுசா ஒண்ணைப் பாத்தா கையில இருக்கறது மறந்துடும். வச்ச இடம் ஞாபகம் இருக்காது, பாத்தது ஞாபகம் இருக்கும்."

"அப்போ உன் பாட்டிலை மட்டும் ஏன் கண்டுபிடிக்க மாட்டேங்கற?" என்று நான் மடக்கினேன்.

"தேடப் போற வழியில இன்னொண்ணைப் பாத்துடுவேன் மாமா."

அன்றிலிருந்து அந்த அறைக்கு யார் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது.

பள்ளிக்கு என்னையும் துணைக்கு அழைத்துப் போனாள். மழை தூறியது, குடையை மடக்கித் தலைமையாசிரியை அறையின் மூலையில் சாய்த்து வைத்தாள். தும்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வகுப்பு டீச்சர் சின்னப் பெண், நல்லவள்தான், களைத்துப் போயிருந்தாள். "ஜன்னலையே பாக்கறா. கேள்வியை முடிக்கறதுக்குள்ள பதில் சொல்றா. பாடம் நடக்கும்போது எழுந்து பின்னாடி போறா. நான் எத்தனை பேரைப் பாக்கறது, சொல்லுங்க."

அக்கா சண்டை போடுவாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் நிதானமாகக் கேட்டாள். "எழுந்து போறாளே, அப்போ என்னத்தைப் பாத்தா டீச்சர்?"

டீச்சர் விழித்தாள். பிறகு தும்பியிடமே கேட்டாள். "என்னம்மா பாத்த?"

தும்பி நிமிர்ந்தாள். இப்படி ஒரு கேள்வி கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. கொட்டித் தீர்த்தாள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. வாட்ச்மேன் தூங்கும்போது தொப்பி மெதுமெதுவாக மூக்குவரை இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே புறா குச்சி கொண்டுவந்து கொண்டுவந்து கீழே போட்டது. நான்காம் வகுப்பு நிச்சயம் என்று நினைத்தேன்.

"அப்புறம் கடைசி பெஞ்ச்ல புதுசா வந்த பொண்ணு. அவளுக்கு போர்டு தெரியல டீச்சர். கண்ணை இப்படி வச்சுப் பாக்கறா." கண்களை இடுக்கிக் காட்டினாள். "அதான் போய்ப் படிச்சுச் சொல்லிட்டு வருவேன்."

"அவ எழுதாம இருக்கறதைப் பாத்து, சோம்பேறின்னு நெனச்சுட்டேன் மேடம்" என்று டீச்சர் தலைமையாசிரியையிடம் சொன்னாள். பிறகு, "இவ என் கிளாஸ்லயே இருக்கட்டும். ஓரத்து இடம் தரேன், நின்னுக்கிட்டு எழுதட்டும். யாருக்கு என்ன புரியலன்னு பாத்து எனக்கு வந்து சொல்லட்டும்" என்றாள். தலைமையாசிரியை, இந்தப் பருவம் முடியும்வரை பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். எங்களுக்கு அது போதும்.

வெளியே வந்தோம். தும்பி முன்னால் குதித்துக்கொண்டு போனாள். வாசலில் தூறல் பெருமழையாகியிருந்தது. அக்கா குடையை விரிக்கக் கையை உயர்த்தினாள். கை வெறுமையாக இருந்தது. இடது கையைப் பார்த்தாள், தோளைத் தடவினாள். பிறந்ததிலிருந்து எதையும் தொலைக்காதவள் திருதிருவென்று விழித்தாள்.

தும்பி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். "சொல்லும்மா. அப்போ நீ என்னத்தைப் பாத்த?"

"உன்னைத்தான்டி" என்றாள் அக்கா.

தும்பி குடையை எடுத்துவர ஓடினாள். வழியில் புறாவைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. நாங்கள் வெகுநேரம் காத்திருந்தோம்.