பாதியில் நின்ற கறுப்புக் கார்

கமீலாவின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரவேலி மட்டும்தான். அவள் தறியில் உட்கார்ந்தால் என் அடுப்படிக் கோப்பைகள் அதிரும். ஆகவே அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். ஊர் சொல்லித் திரிவதில் பாதி பொய். துக்கம் காத்து இத்தாவில் இருந்த பெண் கார் ஓட்டித் திரிந்தாள் என்றுகூட ஒருத்தி கல்முனைச் சந்தையில் சொன்னாளாம். கமீலாவுக்கு அன்றும் கார் ஓட்டத் தெரியாது, இன்றும் தெரியாது. அவள் செய்தது வேறு வேலை.

மருதமுனையில் தறி நெய்கிற பெண்களுக்குக் குறைவில்லை. கமீலாவும் ஆண்கள் உடுக்கிற சாறன் நெய்துதான் வளர்ந்தாள். அவளைக் கட்டி அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த ஸப்ரி, கட்டாரில் கார் மினுக்கும் கடையொன்றில் வேலை செய்தவன். திரும்பி வரும்போது எல்லாரும் டீவியும் கம்பளியும் கொண்டு வருவார்கள். இவன் கம்பளிக்குள் சுற்றி ஒரு பொலிஷ் மெஷினைக் கொண்டு வந்தான். வளவின் பின்பக்கம் தகரத்தால் கொட்டகையாக ஒரு மால் அடித்து, வாசல் கடப்பில் 'கட் அண்ட் பொலிஷ்' என்று பலகை தொங்கவிட்டான். நான்கூட அன்றைக்குச் சிரித்தேன். மீன் ஏற்றுகிற லொறிக்கும் உழவு மெஷினுக்கும் யார் பொலிஷ் போடப்போகிறார்கள்?

ஆனால் ஆள் வந்தது. கொழும்பிலிருந்து பழைய கார் வாங்கி வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் கூடிவிட்டார்கள். வாங்கியவர்கள் ஆசையில் தினமும் கழுவுவார்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழந்துணி, அவ்வளவுதான். கடற்கரை மணல் அந்தத் துணியில் ஏறிக்கொண்டு காரெல்லாம் சுற்றும். நிழலில் பார்த்தால் கார் பளபளவென்றிருக்கும். வெயிலில் விட்டால் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகக் கீறல் தெரியும்.

அந்தக் கீறலை எதையும் பூசி மூட முடியாது என்பான் ஸப்ரி. பெயின்ற்றுக்கு மேலே கண்ணாடி போல ஒரு வார்னிஷ் படை இருக்கிறது. கீறலின் அடிமட்டம் வரைக்கும் அந்தப் படையைச் சீவி இறக்கினால்தான் கீறல் போகும். கை கொஞ்சம் கூடிவிட்டால் படையே போய்விடும், பிறகு கார் முழுக்கப் பெயின்ற் அடிக்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு இடம் முடிந்ததும் கமீலாவைக் கூப்பிடுவான். "உன்ட கண்ணால ஒருக்காப் பாரு கா." தறியில் ஒரு இழை அறுந்தால் எழும்பாமலே கண்டுபிடிக்கிற கண் அவளுடையது. டோச் லைட்டைச் சரித்துப் பிடித்து, "இஞ்ச இன்னம் இரிக்கி" என்று விரலை வைப்பாள். அவன் மறுபேச்சில்லாமல் திரும்பத் தேய்ப்பான்.

கடைசியாக வந்தது தவமலர் ரீச்சரின் கறுப்புக் கார். ரீச்சருக்குப் பக்கத்து ஊரான பாண்டிருப்பு. கறுப்பு நிறம் ஒரு பிழையையும் ஒளிக்காது. ஸப்ரி முன்பக்கத்துப் பொனட்டையும் இடது பக்கத்தையும் முடித்துவிட்டு, வலது பக்கத்துக்கு விளிம்புகள் தேயாமலிருக்க டேப் ஒட்டினான். அன்று அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனவனை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். திரும்பி வந்தது உயிரில்லாத ஜனாஸாதான். முப்பத்தெட்டு வயது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

கமீலா வெள்ளை உடுத்து, புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இருக்கிற இத்தாவில் இருந்தாள். வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. கார் மட்டும் பாதி கண்ணாடியாகவும் பாதி சிலந்தி வலையாகவும் மாலுக்குள் நின்றது. அவளுடைய அண்ணன் றமீஸ் காக்காதான் முதலில் பேச்சை எடுத்தார். நானும் அப்போது கஞ்சி கொண்டு போயிருந்தேன்.

"தங்கச்சி, ரீச்சர்ர காரைக் குடுத்திருவம். அவ ஒண்டும் சொல்ல மாட்டா. மெஷினை சம்மாந்துறையில ஒராள் கேக்கார். உனக்கென்னத்துக்கு அது?"

"கார் அமானிதம் காக்கா. நம்பித் தந்த சாமான். பாதியில குடுத்தா அவர்ட வாக்கும் பாதியில நிண்டிரும்."

"வாக்குச் சொன்னவன் மௌத்தாப் போயிட்டான் புள்ள."

"நான் இரிக்கன்தானே."

றமீஸ் காக்கா கெட்டவரல்ல. தங்கச்சி பொலிஷ் மெஷினைப் பிடித்துக்கொண்டு ஊர் வாயில் விழக்கூடாதே என்ற பயம் அவருக்கு. கடைசியில் இறங்கி வந்தார். "சரி. நீயே முடி. ரீச்சர் வந்து பார்த்துச் சரியெண்டா மெஷின் உன்ட வீட்டுலேயே இரிக்கட்டும், தொழிலையும் செய். ஒரு பிழை வந்தாலும் நான் அதைக் குடுத்திருவன். பிறகு என்னோட கதைக்கக் கூடா."

கமீலா தலையை ஆட்டினாள். அவளுக்கு வேண்டியது என்ன என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. காக்காவின் வீட்டுச் சோறு அவளுக்கு வேண்டாம். ஸப்ரி தொங்கவிட்ட பலகை கடப்பில் தொங்க வேண்டும்.

மாலின் திறந்த பக்கத்தைத் தென்னங்கிடுகால் மறைத்தோம். வெள்ளாப்பில், தகரம் சூடேறுமுன் வேலை செய்வாள். சூடான கார் மேல் பொலிஷ் வைத்தால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் மெஷின் முனையிலுள்ள ஸ்பொஞ்ச் காரில் படுமுன்னே மெஷினை முடுக்கிவிட்டாள். பொலிஷ் முழுவதும் சுவரிலும் அவள் முகத்திலும் என் சேலையிலும் தெறித்தது. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, கார்க் கதவின் அடியில் யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில் திரும்பத் தொடங்கினாள். நெடுக்க ஒரு தரம், குறுக்க ஒரு தரம் என்று பாவும் ஊடும் ஓடுகிற மாதிரி மெதுவாக மெஷினைக் கொண்டு போனாள். மெஷினை அழுத்தவே இல்லை. அதன் பாரத்தில் அதுவே ஓட விட்டாள். துடைத்துப் பார்த்தபோது உள்ளங்கையளவு இடத்தில் எங்கள் இரண்டு பேரின் முகமும் தெரிந்தது.

அவளுடைய மாமி சபியா உம்மா, ஸப்ரியைப் பெற்றவள், இத்தாவுக்குத் துணையாக வந்து தங்கியிருந்தாள். சத்தம் கேட்டு வந்து வீட்டின் பின்கதவடியில் நின்றாள். "இத்தாவில இரிக்கிற பொம்புள மினுக்கிறதா?"

"நான் மினுக்கல்ல மாமி. கார்தான் மினுங்குது."

மாமி முணுமுணுத்துக்கொண்டு போனாள். மறுநாள் தேத்தண்ணி போட்டு அனுப்பினாள்.

கதவு, பின்கதவு, பின்பக்கம் என்று வலது பக்கம் மெல்ல மெல்லத் தெளிந்தது. ஸப்ரி முடித்து வைத்த பொனட்டை மட்டும் அவள் தொடவில்லை. ஒரு துப்பட்டியால் மூடியிருந்தாள். அது அவனுடைய கை கடைசியாகப் பட்ட இடம். சில நேரம் துப்பட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பாள், பிறகு மூடுவாள். நான் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

இப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கடற்காற்று அடித்து, துப்பட்டியையும் மீறிப் பொனட்டில் தூசி படிந்திருந்தது. பொலிஷ் துடைக்கிற மெத்தென்ற துணிகளெல்லாம் அழுக்காகி வாளிக்குள் ஊறிக் கிடந்தன. கமீலா அலுமாரியைத் திறந்து ஒரு சாறனை எடுத்தாள். நோன்புப் பெருநாளுக்கு ஸப்ரிக்காக அவளே நெய்தது. அவன் ஒரு நாளும் உடுக்கவில்லை, மடிப்புக் கலையாமல் இருந்தது. அவனுடைய வேலையை அவனுடைய துணியால் துடைப்போம் என்று நினைத்திருக்கிறாள். தன் கையால் நெய்த புதுத்துணியை விட நல்ல துணி உலகத்தில் இல்லை என்று நம்புவது எங்கள் ஊர்த் தறிக்காரரின் வழக்கமான திமிர். எனக்கும் அது உண்டு.

தறியிலிருந்து இறங்கிய துணியில் விறைத்த கஞ்சி இருக்கும். உடுக்க முதல் அலசிப் போடுவதை இங்கே சின்னப்பிள்ளையும் அறியும். கார் துடைக்கும்போது அது அவள் நினைவில் வரவில்லை.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "ராத்தா" என்று ஒரு குரல் வந்தது. வயதில் மூத்தவள் என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், ஆனால் அந்தக் குரலில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஓடிப் போனேன். கிடுகை விலக்கிவிட்டிருந்ததால் வெயில் நேரே பொனட்டில் விழுந்தது. ஸப்ரி கண்ணாடியாக்கி வைத்த பொனட் முழுவதும் வட்டம் வட்டமாகக் கீறல். மணலும் கஞ்சியும் சேர்ந்து செய்த வேலை. இரண்டு கையாலும் அந்தச் சாறனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவர்ட வேலைய நான் அழிச்சுப்போட்டன் ராத்தா. மிச்சமிருந்தது இதுதான்."

அன்றைக்கு அவள் அழுத மாதிரி ஜனாஸா எடுத்த அன்றுகூட அழவில்லை. கட்டிப்பிடித்து நானும் அழுதேன். என்ன ஆறுதல் சொல்லியிருந்தாலும் பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு கிழமை, ஏழு நாளும், மெஷின் சத்தம் கேட்கவில்லை. காக்காவுக்குச் சொல்லிவிட்டுக் காரைக் கொடுத்துவிடுவாள் என்றே நினைத்தேன். பிறகு ஒரு வெள்ளாப்பில் என் கோப்பைகள் அதிர்ந்தன. எட்டிப் பார்த்தேன். சாறனை அலசிக் கொடியில் போட்டிருந்தாள். பொனட்டைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தாள்.

ஏற்கெனவே ஒருதரம் சீவிய படை அது. இரண்டாம் தரம் தாங்குமா என்று அவளுக்கும் தெரியாது, சொல்லக்கூடியவன் உயிரோடு இல்லை. அதனால் ஆக மெல்லிய பொலிஷையும் ஆக மெத்தென்ற ஸ்பொஞ்சையும் எடுத்தாள். ஒருதரம் ஓட்டுவாள், நிறுத்தித் துடைப்பாள், டோச்சைச் சரித்துப் பார்ப்பாள். பொனட்டின் மேட்டு விளிம்புகளில் படை மெல்லிசு என்று அவன் சொன்னதை நினைத்து, அங்கே மெஷினை வைக்காமல் விரலில் துணி சுற்றித் தேய்த்தாள். நகத்தடியெல்லாம் வெடித்துவிட்டது. முழுதாகப் போகாத ஒரு கீறலோடு நாள் கணக்கில் மல்லுக்கட்டினாள். "விடு புள்ள, ஆருக்குத் தெரியப்போகுது" என்றேன். "எனக்குத் தெரியுதே" என்றாள்.

ரீச்சர் வருகிற நாளில் றமீஸ் காக்காவும் வந்தார். ரீச்சர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, காக்கா தள்ளிக் காரை வளவின் நடு வெயிலுக்குக் கொண்டு வந்தார். கமீலா கதவடியில் நின்றாள், நான் அவளோடு நின்றேன். ரீச்சர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், தூர நின்று பார்த்தார்.

"வாங்கின நாளிலயும் இப்பிடி இருக்கேல்ல. ஸப்ரி தம்பி செய்தது எந்தப் பக்கம், நீங்க செய்தது எந்தப் பக்கம் எண்டே தெரியுதில்லையே கமீலா."

காக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "பொனட்டும் இடது பக்கமும் மச்சான்ட வேலை ரீச்சர்" என்று சொல்லிக்கொண்டே, பொனட்டில் பட்டிருந்த தன் கைரேகையைத் துடைக்கக் கொடியில் கிடந்த சாறனை எட்டி எடுத்தார்.

கமீலா ஒரே ஓட்டமாகப் போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். "வையுங்க காக்கா."

"புதுத்துணிதானே புள்ள?"

சும்மா இருந்திருக்கலாம். வேறு துணி எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்திருக்கலாம். மெஷினும் பலகையும் அவளுக்குக் கிடைத்துவிட்ட மாதிரிதான். நான் பின்னாலிருந்து அவளுடைய சேலையை இழுத்தேன். அவள் கவனிக்கவில்லை.

"இந்தப் புதுத்துணியாலதான் அவர்ட வேலை போனது. பொனட்டை நான் துடைச்சுக் கீறிப்போட்டன் ரீச்சர். பிறகு முழுக்கத் திரும்ப நான்தான் செய்தன். பொனட்டில அவர் செய்தது ஒண்டும் இல்ல. பிழை ஒண்டு வந்தா மெஷினைக் குடுப்பன் எண்டு காக்கா சொல்லியிருந்தார். பிழை வந்தது. மறைச்சு வச்சு எனக்கு மெஷின் வேணாம்."

சொல்லி முடித்துவிட்டு நேராகத்தான் நின்றாள். கண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது. ரீச்சர் அவளுடைய கையை எடுத்து, வெடித்த நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

றமீஸ் காக்கா சாறனை மடித்துக் கொடியில் போட்டார். பொனட்டுக்குப் பக்கத்தில் போய், ரீச்சர் செய்தது போலவே குனிந்து, வெயிலுக்கு எதிராக வெகுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து சம்மாந்துறைக்காரருக்கு அடித்தார். மெஷின் விற்பனைக்கு இல்லை என்று இரண்டே வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டார்.

"பிழை வந்ததெண்டு சொன்னனே காக்கா" என்றாள் கமீலா.

அவர் அவளைப் பார்க்காமல் பொனட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ சொல்லுறவரைக்கும் நான் இதை மச்சான்ட கையெண்டு நினைச்சுத்தான் பார்த்துக்கொண்டு நிண்டன், புள்ள."