பத்துக்கு ஒன்பது வாங்கிய வெடிப்பு

அடுத்தவர் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு விடை சொல்லும் வேலையில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, விடை பிழைத்தால் வசவு மட்டும் உண்டு. கான்வென்டில் படித்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக, பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஓரறை வீடுகளின் அந்த நீள வரிசையில், அது என் தலையில் விழுந்தது. கேள்வி போனில் வரும். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பதிலைப் பேசி அனுப்புவேன். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை வைத்திருக்கும் உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

மரபுரிமை

"உங்கள் பிரதேசத்து மரபுரிமைச் சின்னம் ஒன்றைப் பற்றி எழுதுக." லயத்தின் மறுகோடிக் காம்பராவில் குடியிருக்கும் தர்ஷினி, எட்டாந்தரம், எங்கள் லயத்தையே எழுதினாள். நான்தான் எழுதச் சொன்னேன். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், அதே சுவர், அதே பத்தடி அறை. இதைவிடப் பழையது இந்த மலையில் என்ன இருக்கிறது? சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏனாம் என்று கேட்டேன்.

"மரபுரிமைன்னா பாதுகாக்குற எடமா இருக்கணுமாம்க்கா. ஒங்க லயத்த யாரு பாதுகாக்குறாங்கன்னு மிஸ் கேட்டாங்க."

கவிதை நயம்

மழையைப் பாடும் கவிதைக்கு நயம் எழுத வேண்டுமாம். மழை தாயைப் போல வந்து பூமியை அணைக்கிறதாம். பல்லைக் கடித்துக்கொண்டு உவமையை விளக்கினேன். வெளியே நிஜ மழை. லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் போன வருஷம் விரல் நுழையாத வெடிப்பு, இப்போது என் கையே உள்ளே போகிறது. பேச்சின் நடுவில் பின்சுவரிலிருந்து மண் உதிர்ந்தது. "ஐயோ, மண்ணு விழுது, பொறு, தொட்டில இழுத்துக்கிறேன்" என்று நான் கத்தியதும் பதிவாகிவிட்டது.

தர்ஷினி அதை ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தாள், என் ஐயோவையும் சேர்த்து. அடியில் பெரிதாக ஒரு 'சரி'. இதை வாசித்தும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லையா, இல்லை வாசிக்கவே இல்லையா? எனக்கு வந்த ஆத்திரத்தில் தர்ஷினியைப் பிடித்துக்கொண்டேன்.

"மிஸ் சரி போட்டிருக்காங்கக்கா. அப்ப அது கவிதையிலதான் இருக்கும்."

வலியுறுத்தல் கடிதம்

"உங்கள் ஊரின் குறையொன்றைத் தீர்க்கும்படி அதிகாரி ஒருவரை வலியுறுத்திக் கடிதம் எழுதுக." இந்த முறை நான் விடவில்லை. அடிமட்டத்தைக் கொடுத்து வெடிப்பை அளந்து வரச் சொன்னேன். எத்தனை குடும்பம், எத்தனை கைக்குழந்தை, ராத்திரியில் ஓட எந்தப் பாதை, எல்லாம் எழுத வைத்தேன். பத்துக்கு ஒன்பது! வகுப்புச் சுவரில் வேறு ஒட்டினார்களாம்.

"சரி, அனுப்பியாச்சா?" என்றேன். தர்ஷினி விழித்தாள். "பாடத்துக்கு எழுதுற லெட்டர யாருக்கா அனுப்புவாங்க?"

என் வீட்டுக்காரர் தோட்டத்து லொறி ஓட்டுகிறவர். "பேரு போட்டு அனுப்பாத புள்ள. தொரைக்குத் தெரிஞ்சா வேலையும் போகும், காம்பராவும் போகும்" என்றார். எனக்கும் பயம்தான். ஆனால் தொட்டிலை இதற்கு மேல் இழுக்க அறையில் இடமில்லை. பிரதேச செயலாளருக்குத் தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று எழுதி, இரண்டிலும் என் முழுப்பெயரைப் போட்டு, பலாங்கொடைக்கு பஸ்ஸில் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். கூட வந்த தர்ஷினி ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு மார்க்ஸ் எப்பக்கா வரும்?"

பெரிய மழைக்கு முன்னால் திருத்தி அனுப்பிவிட்டார்கள் என்றால், லயம் முழுக்கப் பாஸ்.