மூன்றாவது கைதட்டு

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து தேநீர் போடப் போகிற ஆள் நான். வாரநாட்களில் ரேடியோ திருத்துவேன், வார இறுதியில் கலியாண ஹோல்களில் பாட்டுப் போடுவேன். எந்தச் சத்தத்துக்கும் பின்னால் ஒரு வயர் இருக்கும் என்பதுதான் என் மதம். நம்பினால் நம்புங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

எழுபதுகளில் வந்த ஒரு டிஸ்கோ பாட்டு. சிட்னியில் எந்தத் தமிழ்க் கலியாணத்தில் போட்டாலும் முழங்கால் வலிக்காரர்கூடக் கதிரையை விட்டு எழும்பிவிடுவார்கள், பேரப்பிள்ளைகளும் ஓடி வருவார்கள், ஏனென்று எனக்கு இன்றும் தெரியாது. பாட்டின் கோரஸில் இரண்டு கைதட்டு வரும், எல்லோரும் கூடவே தட்டுவார்கள். என் நண்பர் அன்ரன் மட்டும் மூன்றாவதும் தட்டுவார். மன்னாரில் அவர் ஆடிப் பழகிய கசெற் அறுந்து, அவரே ஒட்டியதில் ஒரு தட்டு கூடிவிட்டதாம். "எங்கட கசெற்தான் சரி, உங்கட பிழை" என்பார்.

அவர் மாரடைப்பில் போய், ஆண்டுத்திவசமும் முடிந்த பிறகு, வென்ட்வேர்த்வில்லில் மகள் சர்மினிக்குக் கலியாணம். மத்தியான விருந்து. அன்ரனின் மனைவி ரீற்றா அக்கா முதலே வந்து சொல்லிவிட்டார்.

"தம்பி, அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம். மூண்டாவது தட்டு வராது. அதை என்னால தாங்கேலாது."

ஆனால் கேக் வெட்டியதும் சர்மினி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ப்ளீஸ், அப்பாட சோங் இல்லாம எனக்கு வெடிங்கே இல்லை" என்று அழுதாள். ரீற்றா அக்கா என் பக்கம் திரும்பி, சரி என்று தலையாட்டினார்.

போட்டேன். கோரஸ் வந்தது. எல்லோரும் இரண்டு தரம் தட்டிவிட்டு, பேசி வைத்ததுபோல் கைகளை அப்படியே நிறுத்தினார்கள். மூன்றாவது தட்டு வந்தது. ஹோலின் நடுவிலிருந்து, பட்டென்று. ஒவ்வொரு கோரஸுக்கும் வந்தது. மைக் அணைந்திருந்தது, வயர்களை எல்லாம் பார்த்தேன், ஒன்றுமில்லை. ரீற்றா அக்கா எழும்பிப்போய் வெறும் இடத்தைப் பார்த்து ஆடினார்.

பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீரே தட்டினது?"

"இல்லை அக்கா."

"அப்ப சரி" என்றுவிட்டுப் போய், தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

இது நடந்து பல வருடம். போன மாதம் பிளாக்டவுன் சூப்பர்மார்க்கெட்டில் வரிசையின் கடைசி ஆளாக நிற்கிறேன், கூரை ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு. கைகளை ஜக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டேன். கோரஸில் இரண்டு தட்டும் முடிய, முன்னால் ட்ரொலியில் இருந்த குழந்தை என் தோளுக்கு மேலே யாரையோ பார்த்துச் சிரித்து, ஒரே ஒரு தரம் கைதட்டியது.