சாக்ஸபோன் காணாமல் போன ரீஇஷ்யூ

"எம்மா வசந்தி, இது டூப்ளிகேட். இதுல சாக்ஸபோனே இல்ல" என்று சொல்லிக்கொண்டே சிவசுப்பு சார் ரிக்கார்டைக் கவுண்டரில் வைத்தார்.

டில்லியில் ஒரு ஹை-ஃபை கடையின் டெமோ ரூமில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் நான். கீறல், வளைவு, கரகரப்பு என்று எல்லாப் புகாரும் கேட்டிருக்கிறேன். நாலு பேர் வாசிக்கிற ஜாஸ் ஆல்பத்தில் ஒரு ஆளையே காணோம் என்று அதுவரை யாரும் வந்து நின்றதில்லை.

சார் திருநெல்வேலிக்காரர். மத்திய சர்க்காரில் பெரிய பதவியில் இருந்து ரிடையர் ஆனவர். தூதரகக்காரர்கள் ஊரைக் காலி செய்யும்போது வீட்டுச் சாமான்களை விற்பார்கள். அங்கெல்லாம் போய்ப் பொறுக்கிப் பொறுக்கி ஒரிஜினல் பிரெஸிங் சேர்த்து வைத்திருந்தார். ஒரிஜினல் என்றால் ஆல்பம் முதன்முதலாக வெளிவந்தபோது அச்சான தட்டு. அதே ஆல்பத்தை இப்போது பழைய மாஸ்டர் டேப்பிலிருந்து எடுத்து, கனமான தட்டில் மறுபடியும் போடுகிறார்கள். அதுதான் ரீஇஷ்யூ. இரண்டில் எது உசத்தி என்று இங்கே ஜாஸ் கேட்கிற கூட்டம் அடித்துக்கொள்ளும். கடைசியில் சார் சொல்வதுதான் தீர்ப்பு. அவர் காதுக்கு அப்படி ஒரு பெயர்.

அன்று எங்களுக்கு வினையாக வந்ததும் அந்தப் பெயர்தான். அவர் கொண்டுவந்த ரீஇஷ்யூவை வரவழைத்து விற்றது நாங்கள். அன்று சாயங்காலமே ரசிகர்கள் எல்லோரும் கடைக்கு வந்து இரண்டு தட்டையும் ஒப்பிட்டுக் கேட்பதாக ஏற்பாடு. அவர்கள் முன்னால் சார் 'போலி' என்று வாயைத் திறந்தால் கடையின் பெயர் நாறிவிடும். முதலாளி கபூர் சாப் என்னைத் தனியே இழுத்து, "ஜல்தி குச் கரோ வசந்தி, ஷாம் கோ சப் ஆ ரஹே ஹைன்!" என்று, சாயங்காலம் எல்லோரும் வருவதற்குள் ஏதாவது செய்யச் சொல்லிக் கையைப் பிசைந்தார்.

தட்டை ஸ்பீக்கரில் போட்டேன். சாக்ஸபோன் கணீரென்று வந்தது.

"வருதே சார்."

"ரூம்ல ஏதோ மங்கலா கேக்கு. ஸ்பீக்கர நம்பாத. ஹெட்போன்ல கேளு" என்று பையிலிருந்து தன் ஹெட்போனை எடுத்தார். லோதி ரோடில் மகளின் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்ததிலிருந்து, குழந்தைகள் படிக்கிறார்கள் என்று அவர் ஹெட்போனில்தான் கேட்பார்.

மாட்டிக்கொண்டேன். இடது பக்கம் சாக்ஸபோன், வலது பக்கம் டிரம்ஸ். குறையே இல்லை. அவரிடம் கொடுத்தேன்.

"எங்கம்மா இருக்கு? டிரம்ஸ் வருது, பியானோ வருது. சாக்ஸக் காணலியே!" என்றார். உடனே தன் ஒரிஜினலைப் போடச் சொன்னார். போட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதக் கேளு. நாலு பேரும் இருக்காங்கல்லா?"

ஒரிஜினல் மோனோ. இரண்டு காதுக்கும் ஒரே சத்தம்தான் போகும். ரீஇஷ்யூ ஸ்டீரியோ. அந்தக் காலத்து ஸ்டீரியோவில் ஒரு வாத்தியத்தை முழுக்க ஒரு பக்கமாகவே ஒதுக்கிவிடுவதுண்டு. ஆகவே இடது பக்க வழியில் எங்கோ கோளாறு என்று நினைத்தேன். ஊசியைத் துடைத்தேன். ஊசியைத் தாங்குகிற கார்ட்ரிட்ஜின் ஒயரைப் பார்த்தேன். கேபிளை மாற்றினேன். 'ஹெட்போன் வலது பக்கமா சாயுது' என்று முந்தின வருஷம் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. கடையின் புது ஹெட்போனை மாட்டிவிட்டேன். அப்போதும் சாக்ஸபோன் வரவில்லை என்றார்.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. ஹெட்போனைக் கழற்றி, இடம் வலம் மாற்றி அவர் தலையில் மாட்டினேன்.

"ஆங்! சாக்ஸ் வந்துட்டு!" என்று துள்ளினார். அடுத்த நிமிஷமே புருவம் சுருங்கியது. "ஏ, டிரம்ஸ் எங்க போச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டில் கோளாறு இல்லை, ஹெட்போனிலும் இல்லை. எப்படி மாட்டினாலும் அவருடைய இடது காதுக்குப் போவதுதான் காணாமல் போகிறது. ஹெட்போனை மெதுவாக எடுத்தேன். ஐ.என்.ஏ. மார்க்கெட் காய்கறிப் பையோடு அவருக்கு இடது பக்கம் சோபாவில் அவர் மனைவி வேலம்மாள் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். "என்னங்க, என்னாச்சு?" என்று எப்போதும்போல் மெல்லிய குரலில் கேட்டார். சார் திரும்பவில்லை. ஆன்ட்டி மறுபடியும் கேட்டார். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஆன்ட்டி கூப்பிடறாங்க."

"எப்பம்?"

"ரெண்டு தடவை கூப்பிட்டாங்க சார். தட்டுல ஒண்ணும் இல்ல. உங்க இடது காதை நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்."

"எங் காதையா சொல்லுத?" என்று சீறினார். ஹெட்போனைப் பிடுங்கித் தானே மாட்டினார், திருப்பினார், மறுபடி திருப்பினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எத்தனையோ கஸ்டமர்கள் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருவர் அப்படிப் பயந்து பார்த்ததில்லை.

சாயங்காலக் கூட்டத்துக்கு அவர் இல்லை. வந்தவர்களிடம் அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். ரீஇஷ்யூவை எல்லோரும் பிரமாதம் என்றார்கள். ஒரு சுரம்கூட என் மனசில் ஏறவில்லை.

சில நாள் கழித்து ஆன்ட்டி போன் செய்தார். இடது காது நரம்பில் கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் மூளைப் பக்கமாக வளர்ந்துகொண்டிருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும், போன காது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் அவருக்கே தெரியவில்லை. போனையும் எப்போதும் வலது காதில்தான் வைப்பார்.

"எத்தன நாளா இருக்கும்னு கேட்டேன் தாயி. ரெண்டு வருஷத்துக்கு மேலயே இருக்கும்னு சொல்லுதாரு" என்றார். பிறகு, "நான் எப்பவும் அவுகளுக்கு இடப் பக்கந்தான் உக்காருவேன், படுக்கிறதும் அந்தப் பக்கந்தான். நான் என்ன பேசுனாலும் பதிலே வராது. மக வீட்டுக்கு வந்த பொறவு என்னய வெறுத்துட்டாகன்னு நெனச்சு நானும் பேச்ச விட்டுட்டேன். அப்பம் அவுக என்னய வெறுக்கலியா?" என்றார்.

"இல்ல ஆன்ட்டி, அவருக்குக் கேக்கல. அவ்வளவுதான்" என்றேன்.

ஏதாவது சத்தம் வரவில்லை என்று கஸ்டமர் சொன்னால் சிரிக்காதீர்கள் என்று கவுண்டருக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் சொல்லுவேன். ஊசியைப் பாருங்கள், கேபிளைப் பாருங்கள், அப்புறம் அந்த ஆளையும் பாருங்கள். பக்கத்தில் ஒருத்தி அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கலாம்.