அவன் பையில் இருந்த பதினாறு பக்கங்கள்

புத்தகத்தில் பக்க மூலையை மடிக்கும் மாணவர்களைக் கூப்பிட்டுக் கண்டிப்பது என் வேலையில் ஒரு பகுதி. பெங்களூரில் ஒரு டிகிரி கல்லூரி நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். அப்படிப்பட்ட நான் 1991இல் ஒரு முழுப் புத்தகத்தைச் சவர பிளேடால் அறுத்தேன். முதுகு அட்டையை உரித்து, தையல் நூலை வெட்டி, பதினாறு பதினாறு பக்கமாகப் பிரித்தேன். அச்சகத்தில் அந்தப் பதினாறு பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள். மொத்தம் எட்டு ஃபாரம் வந்தது. ஐந்தாவதை என் மகனிடம் கொடுத்தேன்.

அவன் அப்போது அதே கல்லூரியில் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு.

அறுத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் கைடைத் தவிர எதையும் தொடமாட்டார்கள். மர்பி டவுன், நீலசந்திரா பக்கமிருந்து வந்தவர்களுக்கு வீட்டில் பேச்சு தமிழ், பள்ளியில் படித்தது கன்னடமோ இங்கிலீஷோ. தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். நல்ல நாவல்களை எடுத்து மேசைமேல் பரப்பி வைத்தேன். அவற்றின்மேல் டிபன் பாக்ஸ் வைத்துச் சாப்பிட்டார்கள். மகன்தான் சொன்னான்: "ஒரு கொலை இருந்தா படிப்போம்மா."

நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த துப்பறியும் நாவல் ஒன்று கிடைத்தது. ஒரே பிரதி. படிக்க வந்தவர்கள் எட்டுப் பேர். ஆளுக்கு ஒரு ஃபாரம் கொடுத்துவிட்டேன். வீட்டில் தடுமாறாமல் வாசித்துப் பழக வேண்டும், அதில் என்ன இருக்கிறதென்று யாரிடமும் சொல்லக்கூடாது. சனிக்கிழமை மதியம் பழைய செய்தித்தாள் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து, வாரத்துக்கு இரண்டு ஃபாரமாக வரிசைப்படி உரக்க வாசிக்க வேண்டும். கேள்வி கிடையாது, பரீட்சை கிடையாது.

அந்த இரண்டு வாரம் கேண்டீனில் இதே பேச்சு.

"டேய், அந்த டாக்டரு சாவுறானா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"சொல்லமாட்டேன். சனிக்கிழம வா, குந்து, கேளு."

"உன் ஃபாரத்துல இன்னா மச்சா இருக்கப்போவுது? எல்லாரும் காபி குடிச்சிகினு இருப்பானுங்க."

ஒன்பதாவதாக ஒரு பெண்ணும் வந்தாள். அல்சூர் ஏரி ஓரத்தில் வீடு, வீட்டில் கன்னடம். தமிழ் கேட்டால் புரியும், வாசிக்கத் தெரியாது. "எனக்கு ஃபாரம் வேணாம் மேடம். காது போதும்" என்று சொல்லி முதல் ஆளாக வந்து உட்காருவாள்.

மூன்றாவது சனிக்கிழமை நடக்கவில்லை. காவிரித் தீர்ப்பின் சூட்டில் ஊர் பற்றிக்கொண்டது. அன்று மதியமே கல்லூரியை மூடினார்கள். கூட வேலை பார்க்கும் அம்மா ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டார். மகன் வரவில்லை. "நீ போம்மா. ரெகார்டுல கையெழுத்து வாங்கிட்டு பஸ்ல வந்துடறேன். எனக்கென்ன, என் கன்னடத்தக் கேட்டா எவன் தமிழ்ன்னு சொல்வான்?" என்றான். உண்மைதான். எங்கள் வீட்டில் அவனுக்குத்தான் கன்னடம் நாக்கோடு பிறந்தது போல வரும். நான் ஸ்கூட்டரில் ஏறிவிட்டேன்.

இனி எழுதப்போவதை அவன் ஒரே மூச்சில் சொன்னதில்லை. மாதக்கணக்கில் துண்டுதுண்டாகச் சொன்னதை நான் வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

பஸ்ஸை முப்பது பேர் மறித்தார்கள். முன்னால் ஒரு லாரி எரிந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டு நம்பர். மறித்தவர்கள் கையில் உருட்டுக்கட்டை, சைக்கிள் செயின். ஒவ்வொருவரையாக இறக்கிக் கன்னடத்தில் பேசச் சொன்னார்கள். பேச்சில் தடுமாறிய ஒரு பெரியவரைச் செயினால் அடித்தார்கள். அவர் காது கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். என் மகன் பேசினான். தோளைத் தட்டி, போ என்றார்கள். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டான். அப்போது இன்னொருவன் அவன் பையைப் பிடுங்கி உதறினான். ரெகார்டு நோட்டுக்குள்ளிருந்து அந்தப் பதினாறு பக்கம் விழுந்தது.

"இது ஏனு?" என்றான். இது என்ன?

"கதெ" என்றான் மகன். கதை.

"ஓது."

படிக்கச் சொன்னார்கள். படித்தான். கன்னடத்தில் சொல்லச் சொன்னார்கள். வரிக்கு வரி மாற்றிச் சொன்னான். அந்த ஃபாரத்தில், பூட்டிக் கிடக்கும் மாடி அறைக்குள் யாரோ நடக்கும் சத்தம் கேட்டு வீட்டுக்காரி விளக்கோடு படியேறுகிறாள். அவன் சொல்லச் சொல்ல சுற்றி நின்றவர்கள் அடங்கினார்கள். செயின் வைத்திருந்தவன் நடைபாதை விளிம்பில் குந்தி உட்கார்ந்தான். பின்னால் கத்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து ஒருவன், "சும்னிரோ" என்று அதட்டினான். அந்த இடைவெளியில் இறக்கப்பட்டவர்கள் ஏறிக்கொள்ள, டிரைவர் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். காது கிழிந்தவரும் மற்றவர்களும் அதில் தப்பினார்கள். நடுத்தெருவில் என் மகன் மட்டும் வாசித்துக்கொண்டு நின்றான்.

எண்பதாவது பக்கத்தின் கடைசி வரியில் வீட்டுக்காரி சாவியைத் திருப்புகிறாள். கதவு திறக்கிறது. அத்தோடு ஃபாரம் முடிகிறது.

"ஆமேலே?" என்றான் குந்தியிருந்தவன். அப்புறம்?

"கொத்தில்ல." தெரியாது.

கையில் வைத்திருக்கும் கதை எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டார்கள். புத்தகத்தை எட்டாகப் பிரித்து எட்டுப் பேரிடம் கொடுத்திருக்கிறது, மீதி அவர்களிடம் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னான். இதை யார் நம்புவார்கள்? எட்டுத் தமிழர்கள், ஆளுக்கொரு கட்டுக் காகிதம், ஒருவனிடம் இருப்பது மற்றவனுக்குத் தெரியாது. அவர்கள் எழுந்து நின்றார்கள். மற்ற ஏழு பேர் யார், எந்த ஏரியா என்று கேட்டார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. நீலசந்திராவில் ஓட்டு வீடுகளில் இருந்த பிள்ளைகள் அவர்கள்.

முதலில் வாயில் குத்தினார்கள். இரண்டு பல் போனது. பிறகு அந்தக் காகிதங்களைச் சுருட்டி அதே வாயில் திணித்தார்கள். வலது கையை நடைபாதைக் கல்லில் வைத்து, ஒருவன் முழங்கையை மிதித்துக்கொள்ள, இன்னொருவன் செங்கல்லால் அடித்தான். மூன்றாவது அடிக்கு மேல் எண்ணவில்லை என்றான் மகன். உருது பேசும் ஆட்டோக்காரர் ஒருவர் அவனைச் சாக்கடை ஓரத்திலிருந்து தூக்கி ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, எங்கள் வீட்டுக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஊரடங்கில் நானும் கணவரும் நடந்தே போனோம். இரண்டு தெரு முழுக்க டயர் எரிந்த நாற்றம். வார்டில் ஒரு நர்ஸ் அவன் தொண்டையிலிருந்து ரத்தத்தில் ஊறிய காகிதத்தை இடுக்கியால் இழுத்து ட்ரேயில் போட்டுக்கொண்டிருந்தார். எழுத்துகள் தெரிந்தன. கை இருந்த இடத்தில் கட்டுத்துணி சுற்றிய ஒரு பொட்டலம். என் கணவர் ட்ரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கைடு படிச்சிருந்தா கை இருந்திருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைச் சொன்னதில்லை. ஒரு தடவையே போதுமானதாக இருந்தது.

மூன்று விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. அதைவிட எங்களை உலுக்கியது வேறு. வீட்டில் ஏதாவது சொல்லிக்கொண்டு வருவான். நடுவில் பழக்கதோஷத்தில் யாராவது "அப்புறம்?" என்று கேட்டால் போதும், முகம் வெளுத்து, வாய் திறந்தபடி நின்றுவிடுவான். நாங்கள் அந்தச் சொல்லையே விட்டுவிட்டோம். ஒருமுறை தாங்காமல் கேட்டேன்: "ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லிருக்கக் கூடாதா கண்ணு? பேயின்னு சொல்லு, பூனைன்னு சொல்லு. எதையாச்சும்."

"வரலம்மா. அவன் கேட்டப்ப எனக்கும் அதான் தோணுச்சு. அறைக்குள்ள யாரு இருக்கான்னு."

பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள், அல்சூர்ப் பெண்ணும் சேர்ந்து. கதவைப் பாதி திறந்து, "இனிமே வாசிப்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. போங்க" என்று சொல்லிச் சாத்தினேன். கன்னடத்துப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் நியாயமில்லாதது. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் வந்தது.

இப்போது கல்லூரிக்குப் புதிதாக வந்திருக்கும் விரிவுரையாளர் கேட்கிறார்: "பசங்க பாடத்தைத் தவிர எதையும் படிக்க மாட்டேங்கறாங்க மேடம். நீங்க ஒரு காலத்துல என்னமோ பண்ணீங்களாமே?" சேர்ந்து உட்கார்ந்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், பிடிக்கிற கதையாக இருக்கட்டும், ஆளுக்கொரு முழுப் புத்தகம் கையில் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். மற்றதை அவரிடம் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன்.

அடிபட்டதற்கு அடுத்த வருஷம் ஜூனில் மகன் சனிக்கிழமைகளில் டியூஷன் என்று போக ஆரம்பித்தான். டியூஷன் சார் யார் என்று கேட்டால் பேச்சை மாற்றினான். ஒரு மதியம் பின்னாலேயே போனேன். அல்சூரில் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஏரிக்கரைச் சந்தில் திரும்பி, கன்னடத்தில் பெயர்ப்பலகை தொங்கிய வீட்டுக்குள் நுழைந்தான். அந்தப் பெண்ணின் வீடு. ஓடிப்போய் ஜன்னல் பக்கம் நின்றேன்.

பழைய ஆட்களில் ஐந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம் நாற்காலியில் பெண்ணின் அப்பா. என் மகன் இடது கையில் ஏதோ ஒரு புத்தகத்தைப் பிடித்து, தமிழில் உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். தெருவரைக்கும் கேட்டது. ஓரிடத்தில் குரல் நின்றது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவன் சொறிந்துகொண்டான். பெண் சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தாள். அவன் மறுபடி ஆரம்பித்தான்.

தெரு முனையில் நாலைந்து பேர் பைக்கை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"எழுந்திருடா. போலாம்."

பெண்ணின் அப்பா எழுந்து நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "பன்னி அம்மா, கூத்துக்கொள்ளி" என்றார். வாங்க, உட்காருங்க.

"எழுந்திருன்னு சொன்னேன்ல?"

மகன் நிமிர்ந்து பார்த்தான். பயந்த முகம்தான். ஆனால் புத்தகத்தை மூடவில்லை. "இன்னும் ரெண்டு பக்கம் இருக்கும்மா" என்றான். "முடிச்சிட்டு வரேன்."

கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். எந்தக் கையை இழுப்பது என்று தெரியவில்லை. நான் உட்காரவும் இல்லை. கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, அதில் முதுகை வைத்துக்கொண்டு நின்றேன். அவன் விட்ட வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தான்.